டிரெய்லர் முகாமில் ஜெனரேட்டர் இரைச்சல்: எது குறைத்தது, எது குறைக்கவில்லை

ஜெனரேட்டர் காதைக் கிழிக்கிறது, எதைப் போட்டு மூடலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, அது எதை ஓட்டுவதற்காக ஓடுகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதைத்தான். பெட்டி, சைலன்சர், ரப்பர் பாய் எல்லாம் அப்புறம். இங்கே நான் எழுதப் போவது என் மைத்துனருடைய டிராவல் டிரெய்லரைப் பற்றி, அதாவது வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு. அவரும் எல்லோரையும் போலப் பெட்டியில்தான் ஆரம்பித்தார். சத்தம் ஒருவழியாக அடங்கியபோது அதில் பெட்டியின் பங்கு ஒன்றுமே இல்லை.

முதலில் என்னென்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். கூரையில் 13,500 பிடியூ (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசி ஒன்று. கேஸிலும் கரண்டிலும் ஓடும் ஃபிரிட்ஜ். வெந்நீருக்கும் அதே மாதிரி, கேஸ் அல்லது கரண்ட். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி ஒன்று, 100 ஆம்பியர்-மணி. கரண்ட் இணைப்பு இல்லாத இடத்தில் தங்குவதுதான் அவருக்குப் பிடிக்கும் என்பதால் 3,500 வாட் ஓப்பன் ஃபிரேம் ஜெனரேட்டர், அதாவது இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் எஞ்சின் அப்படியே வெளியே தெரிகிற ரகம். அதை டிரெய்லர் பக்கத்திலேயே வைத்து, காலையில் ஒரு பொழுது, மாலையில் ஒரு பொழுது என்று ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து இடத்துக்காரர்கள் சண்டைக்கு வரவில்லை, ஆனால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்த பிறகு அவருக்கே இருப்புக் கொள்ளவில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது

ஓப்பன் ஃபிரேம் ஜெனரேட்டரில் சத்தம் ஓரிடத்திலிருந்து வருவதில்லை. புகை வெளியேறும் வழி, காற்று உள்ளே போகும் வழி, எஞ்சினைக் குளிர வைக்கும் விசிறி, வால்வு பிஸ்டன் போன்றவற்றின் இயந்திரச் சத்தம், கடைசியாக அதிர்வால் தகடுகளும் தரையும் எழுப்பும் சத்தம். எல்லாம் சேர்ந்துதான் அந்த இரைச்சல்.

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். காதுக்கு அடைப்பான் போட்டுக்கொண்டு, புகை வராத பக்கமாக ஜெனரேட்டர் அருகே குந்தி, தடிமனான கையுறையோடு சட்டம், டேங்க், மூடித் தகடு என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள் (சைலன்சர் பக்கம் கை போகக் கூடாது, கையுறை இருந்தாலும் பொசுக்கிவிடும்). எங்கள் ஜெனரேட்டரில் சைலன்சரை மூடியிருந்த வெப்பத் தடுப்புத் தகட்டை நீளமான மரக்கட்டையால் லேசாக அழுத்தியதும், அதுவரை இரைச்சலுக்கு மேலே கிணுகிணுவென்று அடித்துக்கொண்டிருந்த ஒரு கூர்மையான சத்தம் டக்கென்று நின்றது. கட்டையை எடுத்தால் மறுபடியும் ஆரம்பம். எஞ்சினை ஆறவிட்டுப் பார்த்தால் தகட்டின் ஒரு போல்ட் முக்கால்வாசி கழன்று நின்றது, இன்னொன்று ஆளையே காணோம். ஸ்பிரிங் வாஷர் போட்டு முறுக்கினோம். செலவு இல்லாமல் கிடைத்த முதல் நிம்மதி அதுதான், டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கணக்கில் ஒன்றும் பெரிதாக மாறாவிட்டாலும்கூட.

மற்ற சத்தம் அப்படிப் போகிற சத்தம் இல்லை. 60 ஹெர்ட்ஸ் கரண்ட் தர இந்த ரகம் லோடு (அதிலிருந்து கரண்ட் இழுக்கும் சாதனங்கள்) இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றியே ஆக வேண்டும், 50 ஹெர்ட்ஸ் என்றால் 3,000. நாலு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, ஆக 3,600 சுற்றில் நொடிக்கு 30 வெடிப்பு. அடியில் ஓடும் அந்த டமடமவுக்கு அடிப்படை இந்த 30 ஹெர்ட்ஸ்தான், அதற்கு மேலே 60, 90, 120 என்று அதன் மடங்குகள். 30 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 மீட்டருக்கும் மேல். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி ஏன் ஏமாற்றியது என்பதற்கான பாதி விடை இதில் இருக்கிறது.

அளப்பதற்குப் போனில் இருக்கும் டெசிபல் ஆப்தான். அது காட்டும் எண் எவ்வளவு சரி என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனால் அதே போனை அதே இடத்தில் காற்று இல்லாத நேரத்தில் வைத்து, முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் உதவும். 7 மீட்டரில் 70க்குக் கொஞ்சம் மேலே காட்டியது. எல்லா லோடையும் அணைத்துப் பார்த்தோம், ஓரிரண்டு டெசிபல்தான் இறங்கியது. ஒரு போன் சார்ஜ் ஏறுவதற்கும் ஏசி ஓடுவதற்கும் கிட்டத்தட்ட ஒரே சத்தம் என்றால் அந்த இயந்திரம் முகாமுக்குச் செய்ததில்லை, கட்டட வேலைக்குச் செய்தது.

பெட்டி

பிளைவுட் பெட்டி, உள்ளே பஞ்சு, காற்றுக்கு இரண்டு ஓட்டை. இணையத்தில் நூறு பேர் செய்து காட்டியிருக்கிறார்கள். மைத்துனர் மரவேலை தெரிந்தவர், நன்றாகவே செய்தார். ஆப்பில் நாலைந்து டெசிபல் குறைந்தது. ஆனால் டிரெய்லருக்குள் படுத்தால் அந்த அடித்தொனி அப்படியே இருந்தது, சொல்லப்போனால் மேல் சத்தம் போனதால் அது இன்னும் தெளிவாகவே கேட்டது.

இதற்குக் காரணம் அளவுகோலிலேயே இருக்கிறது. ஆப் காட்டுவது ஏ எடையிட்ட டெசிபல். மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலி மந்தமாகக் கேட்கும் என்பதால் அந்த அளவுகோல் தாழ்ந்த ஒலிகளைக் கழித்துக் காட்டும்: 100 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் கழிவு, 63 ஹெர்ட்ஸில் சுமார் 26, 31.5 ஹெர்ட்ஸில் 39. பெட்டி குறைத்தது விசிறியின் உஸ்ஸையும் வால்வுகளின் டக்டக்கையும். எண் இறங்கியது, ஆள் தூங்கவில்லை. டிரெய்லரின் சுவரோ மெல்லிய அலுமினியம் அல்லது ஃபைபர் தகடு, நடுவில் நுரை. கூரிய ஒலியை ஓரளவு நிறுத்தும், 60 ஹெர்ட்ஸ் உறுமலை அப்படியே உள்ளே விடும்.

சூடு இன்னொரு தலைவலி. இந்த எஞ்சின்கள் காற்றால் குளிர்பவை. எரியும் பெட்ரோலின் சக்தியில் பெரும் பகுதி சூடாகத்தான் வெளியே வருகிறது, அதை வெளியேற்றப் பெரிய ஓட்டை வேண்டும், அந்த ஓட்டை வழியாகவே சத்தமும் வெளியே வரும். ஓட்டையைச் சின்னதாக்கினால் பெட்டிக்குள் சுற்றிய சூடான காற்றையே எஞ்சின் மறுபடியும் இழுக்கும், சக்தி குறையும், ஆயில் கருகும். பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் வேறு. சோஃபா நுரையை ஒட்டி வைத்தவர்களின் படங்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எதையாவது ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் எரியாத ராக்வுல் (பாறையை உருக்கிச் செய்த பஞ்சு) மட்டும்தான். மைத்துனர் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே கையை நீட்டிப் பார்த்தார், அன்றைக்கே அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்.

சிலர் புகைக்குழாயில் ஹோஸ் மாட்டித் தண்ணீர் வாளிக்குள் விடுகிறார்கள். சத்தம் குறையும், உண்மைதான். எஞ்சின் புகையை வெளியே தள்ளத் திணறும், அணைக்கும்போது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. குழி தோண்டி உள்ளே இறக்குவதும் இதே வகை யோசனைதான், புகையும் சூடும் வெளியே போக வழியில்லாமல் தேங்கும்.

காரின் சைலன்சரை வெல்டிங் செய்து மாட்டுவது இவற்றைவிட மேலானது, ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கணக்கைப் பாருங்கள். புகைவழிச் சத்தம் 70 டெசிபல், மற்ற எல்லாம் சேர்ந்து 67 என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் 137 ஆகாது, 72க்குச் சற்றுக் குறைவு. இப்போது புகைவழிச் சத்தத்தை அடியோடு ஒழித்துவிட்டாலும் மிஞ்சுவது 67. அவ்வளவு செலவுக்கும் வெல்டிங்குக்கும் கிடைப்பது 5 டெசிபல். அதற்கு மேல் விசிறியும் இயந்திரமும் இறங்க விடாது. போதாததற்கு, அதிரும் எஞ்சினில் கனமான சைலன்சர் தொங்கினால் வெல்டிங் நாளடைவில் விரிசல் விடும். மூலச் சைலன்சரோடு வரும் தீப்பொறித் தடுப்பு வலையைக் கழற்றிப் போட்டுவிட்டால் காட்டுப் பகுதியில் அது வேறு ஆபத்து. பல அமெரிக்கத் தேசிய வனங்களில் அந்த வலை இல்லாமல் எஞ்சினை ஓட்டவே அனுமதி கிடையாது.

தூரமும் திசையும்

வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். 7 மீட்டரில் 71 என்றால் 14 மீட்டரில் 65, 28 மீட்டரில் 59. பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும் என்பதால் இது லேசான விஷயம் இல்லை, அதுவும் ஒரு கேபிள் செலவில். ஆனால் கேபிள் தடிமனாக இருக்க வேண்டும். 15 மீட்டர் நீள 10 கேஜ் (கம்பித் தடிமனின் அளவு) செம்புக் கேபிளில் 25 ஆம்பியர் போனால் 120 வோல்ட்டில் இரண்டரை வோல்ட் அளவுக்குத்தான் விழும், அது பரவாயில்லை. வீட்டில் கிடக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை மாட்டினால் வோல்டேஜ் சரிந்து ஏசி கம்ப்ரஸர் திணறும், வயரும் சுடும்.

தூரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, சத்தத்தைவிட முக்கியமானது. கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். ஜன்னல், கதவு, காற்று வழி எதிலிருந்தும் குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைவாய் மறுபக்கம் பார்க்க வைக்க வேண்டும் என்பதுதான் பொதுவான பாதுகாப்பு விதி. டிரெய்லருக்குள் அதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்திப் பாருங்கள். பக்கத்து டிரெய்லரின் ஜன்னலும் ஜன்னல்தான். நம்மிடமிருந்து தள்ளி வைக்கிறேன் என்று அவர்கள் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன், அது சத்தத்தைக் குறைப்பதல்ல, கைமாற்றி விடுவது.

இரண்டு டிரெய்லருக்கு நடுவிலோ பாறைச் சுவரை ஒட்டியோ வைக்கக் கூடாது, சத்தம் மோதித் திரும்பும். புல், மணல், காய்ந்த இலை விழுந்த மண் நல்லது, சிமெண்ட் தளம் மோசம். தளம்தான் கிடைக்கிறது என்றால் அடியில் தடித்த ரப்பர் பாய் போடலாம். இழுவைக் கம்பியிலோ பின் பம்பரிலோ ஏற்றி வைத்து ஓட்டினால் சட்டம் வழியாக அதிர்வு உள்ளே ஏறி, டிரெய்லர் முழுக்க முரசு போல அதிரும்.

பெட்டியைப் பிரித்த பலகைகள் சும்மா கிடந்தன. அவற்றில் மூன்றை ப வடிவத்தில் நிறுத்தி, மேலே திறந்து விட்டு, திறந்த பக்கமும் புகைவாயும் யாருமில்லாத மரங்களைப் பார்க்கும்படி வைத்தோம். எஞ்சினிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரு கை நீளமாவது இடைவெளி. தடுப்பு ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்து, கேட்பவருக்கும் அதற்கும் நடுவே பார்வையை மறைத்தால் 5 டெசிபல் போல எதிர்பார்க்கலாம். அடியில் இடைவெளி இருந்தால் அதன் வழியாகச் சத்தம் கசியும், மண்ணை அணைத்து விட வேண்டும். காற்று தாராளமாகப் போவதால் சூடு பிரச்சினை வரவில்லை. ஆனால் உறுமலுக்கு இது ஒன்றும் செய்யாது, அலைநீளம் 11 மீட்டர் இருக்கும் ஒலி ஒரு மீட்டர் பலகையைச் சட்டையே செய்யாது, வளைந்து வந்துவிடும்.

ராத்திரியில் இன்னொரு சங்கதி. வெயில் தாழ்ந்ததும் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று சூடாகவே இருக்கும். அப்போது மேலே போகும் ஒலி வளைந்து கீழே இறங்கும், மதியம் கேட்காத தூரத்தில்கூட இரவில் கேட்கும், மற்ற சத்தங்களும் அடங்கியிருக்கும். அதனால் அளவீட்டை மதியம் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம்.

வாட் கணக்கு

இதுவரை செய்ததெல்லாம் சேர்த்து ஏழெட்டு டெசிபல். நல்லதுதான், ஆனால் நாற்காலிகள் இன்னும் திரும்பி வரவில்லை. அப்போதுதான் ஒரு தாளை எடுத்து என்ன ஓடுகிறது, எவ்வளவு இழுக்கிறது என்று எழுத உட்கார்ந்தோம். இதை முதலில் செய்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்வேன்.

வெந்நீர்த் தொட்டியின் கரண்ட் சுருள் மட்டும் 1,400 வாட்டுக்கு மேல் இழுத்தது. ஃபிரிட்ஜ் கரண்டில் முந்நூறு வாட்டுக்கு மேல். இரண்டுமே கேஸில் சத்தமில்லாமல் ஓடக்கூடியவை, சுவிட்சைத் தள்ள வேண்டியதுதான். ஜெனரேட்டர் ஓடும் நேரத்தைப் பெரும்பாலும் தின்றது என்ன தெரியுமா, ஏசி இல்லை, பேட்டரி. லெட் ஆசிட் பேட்டரி முதல் பங்கு சார்ஜை வேகமாக வாங்கும், 80 சதவீதத்துக்கு மேலே போனால் சொட்டுச் சொட்டாக வாங்கும், அந்தக் கடைசி 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும். சில ஆம்பியருக்காக 3,500 வாட் எஞ்சின் முழு வேகத்தில் கத்திக்கொண்டிருந்தது.

100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று மாற்றினார். சுமார் 1,280 வாட்-மணி, அதில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், லெட் ஆசிடை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். 50 ஆம்பியரில் ஏற்றினால் கிட்டத்தட்டக் கடைசி வரை அதே வேகத்தில் வாங்கும், காலியிலிருந்து இரண்டு மணி நேரம் சொச்சம். அதற்கேற்ற சார்ஜரும் வேண்டும், பழைய கன்வெர்ட்டர் (டிரெய்லரோடு வரும் பேட்டரி சார்ஜர்) எல்லாவற்றிலும் அந்த அமைப்பு இருக்காது, அதையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். கூரையில் ஒரு சோலார் பலகையும் வைத்தார். ஏசி ஓட்டாத நாட்களில் விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் விசிறி எல்லாம் அதிலேயே ஓடிவிடுகின்றன. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாத நாட்களும் வந்தன, அந்த நாட்களில் டெசிபல் பேச்சுக்கே இடமில்லை.

மிச்சம் ஏசி. ஓடும்போது 1,300 முதல் 1,500 வாட் வரைதான். ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் இழுக்கும் கரண்ட் பல மடங்கு, அந்த ஒரு நொடிக்காகத்தான் 3,500 வாட் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஏசிக்குள் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சின்னப் பெட்டி ஒன்றை மாட்டினால் கிளம்பும் கரண்ட் பாதிக்கும் கீழே வந்துவிடும். மாட்டிய பிறகு 2,200 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரே போதுமானதாக இருந்தது. கம்ப்ரஸர் வயரிங்கைத் தொடும் வேலை, கெபாசிட்டரில் சார்ஜ் தேங்கி நிற்கும், பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

இன்வெர்ட்டர் ரகத்தில் எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றினாலும் அதன் கரண்டை மின்னணுச் சுற்று 60 ஹெர்ட்ஸாக மாற்றித் தருகிறது. லோடு குறைந்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றலாம், எக்கோ சுவிட்சின் வேலை அதுதான். மேலே மூடிய உடலும் விசிறி வழியும் சைலன்சரும் தொழிற்சாலையிலேயே ஒன்றாக யோசித்துச் செய்யப்பட்டவை, நாம் பலகை அடித்துச் செய்ய முயன்றதை அவர்கள் சூட்டுக் கணக்கோடு செய்திருக்கிறார்கள். ஹோண்டா இயு2200ஐ போன்ற ஒன்றுக்குக் கால் லோடில் 48 டெசிபல், முழு லோடில் 57 என்று நிறுவனம் சொல்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, பல விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது கால் லோடு எண் மட்டும். ஏசி ஓட்டப் போகிறவருக்கு முழு லோடு எண்தான் பேசும். எந்தத் தூரத்தில் அளந்தது என்றும் பாருங்கள், 7 மீட்டர் என்பது வழக்கம், அது எழுதியிருக்கவில்லை என்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

ஒப்பிடுவதற்கு ஒன்று சொல்கிறேன்: அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் விதியில் ஜெனரேட்டர் போன்ற இயந்திரங்களுக்கு உச்சவரம்பு 50 அடி தூரத்தில் 60 டெசிபல். பழைய ஓப்பன் ஃபிரேம், அந்தத் தூரத்தில் 65 போல நின்று, அதைத் தாண்டியது. புதியது முழு லோடில்கூட வெகு கீழே. தவிர பல முகாம்களில் ஜெனரேட்டர் ஓட்டத் தனி நேரம் உண்டு, 40 டெசிபல் இயந்திரமாக இருந்தாலும் அந்த நேரத்துக்கு வெளியே ஓட்டக் கூடாது.

இன்னும் மிச்சம் இருப்பது

உயரமான இடத்தில் புது ஜெனரேட்டர் திணறுகிறது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சின் சக்தி மூன்றரை சதவீதம் போல இறங்கும், 2,000 மீட்டரில் கால்வாசி போய்விடும், அங்கே ஏசியை இதனால் கிளப்ப முடிவதில்லை. அந்த உயரத்தில் ஏசி தேவைப்படுவதும் அபூர்வம் என்பது வேறு விஷயம். வேண்டுமென்றால் இதே மாதிரி இன்னொன்றை வாங்கி இணையாக மாட்டலாம், இரண்டு ஒரே அளவுச் சத்தம் சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும், ஒவ்வொன்றும் பாதி லோடில் மெதுவாக ஓடுவதால் அந்த 3-லும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

உச்சி வெயிலில் ஏசி ஓடும்போது எக்கோ சுவிட்சால் பயன் ஏதும் இல்லை, கம்ப்ரஸர் ஓடும் வரை எஞ்சின் வேகமாகத்தான் சுற்றும். கிளப்பும்போது எக்கோவை அணைத்து வைப்பது நல்லது, இல்லாவிட்டால் வேகம் ஏறுவதற்குள் கம்ப்ரஸர் இழுத்துவிட்டு ஓவர்லோடு விளக்கு எரியும். நிழலில் நிறுத்தி, வெயில் படும் பக்கம் அவ்னிங்கை (டிரெய்லரின் பக்கவாட்டில் விரியும் துணிப் பந்தல்) விரித்து, கூரைக் காற்று வழிகளை மூடி வைத்தால் ஏசி இடைவெளி விட்டு ஓடும், அந்த இடைவெளியில் கொஞ்சம் அமைதி.

சமீபத்தில் அந்த இன்வெர்ட்டர் ஜெனரேட்டரே லோடு இல்லாதபோது ஊங்... ஊங்... என்று ஏறி இறங்க ஆரம்பித்தது. சீரான சத்தத்தைக் காது மறந்துவிடும், இந்த ஏற்ற இறக்கத்தை மறக்கவே மறக்காது, டெசிபல் குறைவாக இருந்தாலும் பல மடங்கு எரிச்சல். மாதக்கணக்கில் பெட்ரோலோடு கிடந்ததால் கார்புரேட்டரின் சின்ன ஜெட்டில் (பெட்ரோல் போகும் நுண்துளை) பசை படிந்திருந்தது. ஜெட்டைக் கழற்றி கார்புரேட்டர் கிளீனர் அடித்து, மெல்லிய கம்பி இழையால் துளையைத் துழாவி மாட்டியதும் சரியாகிவிட்டது. இப்போதெல்லாம் வீடு திரும்பியதும் டேங்க் குழாயை மூடி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓட்டி, கார்புரேட்டரைக் காலி செய்துதான் உள்ளே வைக்கிறார்.